அக்கா பார்த்த ராட்சதப் பல்லி

விழுப்புரம் தியேட்டரில் ராட்சதப் பல்லி உறுமியதும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் அக்கா அசையவில்லை. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது.

சின்ன வயதில் அப்பா எங்கள் இருவரையும் திண்டிவனத்தில் இதே பல்லியின் பழைய படத்துக்குக் கூட்டிப்போனார். பீடிப் புகையும் வறுத்த மல்லாட்டைக் கடலை வாசமுமாக இருந்தது கொட்டகை. அந்தப் படத்தில் அது ஊரை அழிக்க வந்த அரக்கன். ஒவ்வொரு உறுமலுக்கும் நான் அப்பாவின் மடியில் முகம் புதைத்தேன். பீரங்கி சுட்டு அது சாய்ந்தபோது எல்லோரும் விசிலடித்தார்கள். அக்கா மட்டும் அழுதாள்.

"பயந்துட்டியாம்மா?" என்று அப்பா சைகையோடு கேட்டார்.

அவள் இல்லையென்று தலையாட்டி, பல்லியின் கண்ணைக் காட்டி, தன் நெஞ்சைத் தடவினாள்.

"அதுக்கு வலிக்குதாம்டா. நாம சத்தத்தக் கேட்டு பயந்துக்கினு இருந்தோம். இவதான் அது மூஞ்சியப் பாத்திருக்கா" என்றார் அப்பா.

இந்தப் புதுப் படத்தில் அதே பல்லி ஊரைக் காப்பாற்றுகிறது. எதிர்த்து வந்த இன்னொரு மிருகத்தை அது வீழ்த்தியதும் கைதட்டல் எழுந்தது. 'பாத்தியா, இப்ப இதுதான் ஹீரோ' என்று சைகை செய்தேன்.

அக்கா சிரித்தாள். பிறகு கீழே கிடந்த மிருகத்தைச் சுட்டி, 'அதுக்கு யாரு இருக்கா?' என்று கையை விரித்தாள்.