வேலிக்கு அப்புறம் பழுத்த மிளகாய்

சாப்பிட உட்காருவதற்கு முன் கனகராஜ் வாசலுக்கு ஒரு நடை போய் வருவார். கேட்டால், லோரி டயரைப் பார்த்தேன் என்பார். திரும்பி வரும்போது இடது கை மூடியிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து தேன்மொழி இதைப் பார்த்து வருகிறாள். கைக்குள் இருப்பது பச்சை மிளகாய். சோற்றில் மோர் ஊற்றியதும் அது வெளியே வரும்.

செடெனாக் என்ற ஊரில் அவர்கள் இருக்கும் வரிசை வீட்டின் முன்னால் கால்வாயை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு சிமெண்டுத் தரை. அதில் பன்னிரண்டு பெயின்ட் வாளிகளில் நீள மிளகாய் வளர்த்தாள் தேன்மொழி. ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அங்கேயும் வீட்டிலும் அதிகம் பேசமாட்டாள். அந்தச் செடிகளிடம் பேச வேண்டியதில்லை என்பதே அவளுக்கு வசதியாக இருந்தது.

போன வருஷம் பெக்கான் நானாஸில் அன்னாசி ஏற்றிக்கொண்டிருந்தபோது கனகராஜ் ரத்தமாக வாந்தி எடுத்தார். வயிற்றில் புண். இனி மிளகாயைக் கடிக்கக்கூடாது, மறுபடி ரத்தம் கசிந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். கனகராஜ் தலையாட்டிவிட்டு வந்தார்.

அன்று முதல் தேன்மொழி காலையிலும் மாலையிலும் காய்களை எண்ணினாள்.

"என்னங்க, நேத்து முப்பத்தொண்ணு இருந்துச்சு. இன்னிக்கு இருபத்தெட்டு."

"புறா கொத்தியிருக்கும் லா."

"புறா கொத்துனா காம்பு செடியிலயே நிக்கும். இது காம்போட போயிருக்கு."

"நீ என்ன போலீசா, தேனு?" என்று சிரித்தார். அவள் மறுபடி முதல் வாளியிலிருந்து எண்ணினாள்.

பழுத்ததை அவர் தொடமாட்டார். பழுத்தா இனிப்பு தட்டுது, அதை யாரு கடிப்பா என்பார். அதனால் எல்லாம் ஒரே நாளில் சிவந்துவிட்டால் பயமில்லை. ஆனால் மிளகாய்ச் செடி அப்படிச் செய்வதில்லை. அடிக்கிளையில் ஒன்று சிவக்கும், பக்கத்தில் இன்னொன்று பழுப்பேறும், நுனியில் பூ வைக்கும். பச்சையையெல்லாம் பறித்துப் போட்டுப் பார்த்தாள். முன்னைவிட அதிகமாகப் பூத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் லோரிப் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "காத்துதான், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

தேன்மொழி முதல் செடியின் தண்டைப் பிடித்தாள். பிடுங்க மனம் வரவில்லை. அதில் பதினாலு காய் இருந்தது.

வேலிக்கு அப்புறம் மலாய்க்காரப் பெரியம்மா, மக்சிக் ரொஹானா, பூனைகளுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து வீடு. இதுவரை ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். தேன்மொழி தனக்குத் தெரிந்த மலாயில், செடிகளை உங்கள் பக்கம் வைக்கலாமா என்று கேட்டாள். ஏன் என்றார் மக்சிக். "சுவாமி சாயா," என் வீட்டுக்காரர், என்று தொடங்கி, வயிற்றைத் தொட்டு, மிளகாயைக் கடிப்பதுபோல் காட்டினாள். மக்சிக் விழுந்து விழுந்து சிரித்தார். வைத்துக்கொள், ஆனால் சம்பால் அரைக்க நானும் பறிப்பேன் என்றார். இருவருமாக வாளிகளைத் தூக்கி வைத்தார்கள்.

மத்தியானம் திரும்பி வந்த கனகராஜ், சாப்பிடும் முன் வழக்கம்போல் வாசலுக்குப் போனார். சிமெண்டில் பன்னிரண்டு ஈர வட்டங்கள் மட்டும் இருந்தன.

"செடிங்க எங்க?"

"மக்சிக் வீட்டுல."

"யாரு கேட்டா?"

"நான்தான்."

"அலமாக்! நீயா? அவங்ககிட்டயா?" செடிகளை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செடிகள் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அங்கே வெயில் அதிகம், சீக்கிரம் சிவக்கின்றன. சனிக்கிழமைகளில் மக்சிக் பழுத்ததில் பாதியை வேலிக்கு மேலாக நீட்டுவார். தேன்மொழி அதைத் தனக்கு மட்டும் அரைத்துக்கொள்கிறாள். கனகராஜுக்கு மறுபடி ரத்தம் கசியவில்லை. சாப்பிடும் முன் அவர் இப்போதும் வாசலுக்குப் போய் வருகிறார். கையைத் திறக்கச் சொன்னால் திறக்கிறார். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.