விஜிலாவின் இருபத்து மூன்றாவது க்ளெய்ம்

கண்ணாடி என்றால் விஜிலா. தூத்துக்குடி பாளை ரோட்டில் பழைய கார் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற எந்தக் கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். முன்பக்கக் கண்ணாடியோ, ஹெட்லைட்டோ, தொட்டாலே விரிசல் விடுகிற டெயில் லைட்டோ, வெளியூர் போக வேண்டுமென்றால் முதலில் திரேஸ்புரத்தில் இருக்கிற அவளுடைய பேக்கிங் ஷெட்டுக்குத்தான் வரும். அவள் கட்டிக் கொடுத்தால் முழுசாய்ப் போய்ச் சேரும். பார்சல்காரர்கள் சேர விட்டால், என்று அவள் கூடவே சொல்லிக்கொள்வாள். அதைச் சொல்லும்போது மூக்கு விடைக்கும்.

இந்தத் தொழிலுக்கு அவளைக் கொண்டுவந்தது சிங்கி இறால். கல்யாணத்துக்கு முந்தியிருந்தே ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினாலு வருஷம் சிங்கி பேக்கிங். உயிரோடு விமானம் ஏற வேண்டிய சரக்கு. ஒவ்வொன்றையும் ஈரத்தாளில் சுற்றி, மீசையை மடக்காமல் முதுகோடு படுக்க வைத்து, தெர்மோகோல் பெட்டியில் அடுக்க வேண்டும். மீசை ஒடிந்தால் அந்தச் சிங்கியை வெளிநாட்டுக்காரன் கையால் தொட மாட்டான். பதினாலு வருஷத்தில் விஜிலா கட்டியதில் ஒரு மீசை ஒடிந்ததில்லை என்று அவளே சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்து கட்டிய மரியசெல்வி, ரெண்டு ஒடிந்தது என்பாள். அதற்காகவே மரியசெல்வியை அவள் தன் ஷெட்டில் சம்பளத்துக்கு வைத்திருக்கிறாள் போலிருக்கிறது, தினமும் சண்டை போட ஆள் வேண்டுமே.

கம்பெனியை மூடினார்கள். வீட்டுக்காரர் ஜெஸ்டின் கப்பலில் எங்கேயோ நடுக்கடலில் இருந்தார். அந்த வாரமே பாளை ரோட்டு அண்ணாச்சி ஒருவர், கோயம்புத்தூருக்கு அனுப்பிய கார் கண்ணாடி மூன்றுமுறை நொறுங்கிப் போனதாய்ப் புலம்ப, "இங்கன கொண்டாங்க, நான் கட்டுதேன்" என்று விஜிலா சொல்லிவிட்டாள். நாலாவது கண்ணாடி முழுசாய்ப் போனது. பிறகென்ன, ஷெட்டு நிறைய ஹெட்லைட்.

ஒன்பது வருஷத்தில் அவள் அனுப்பிய பார்சல்களுக்குக் கணக்கில்லை. உடைந்தது இருபத்திரண்டு. இருபத்திரண்டுக்கும் ஏழுகடல் பார்சல் சர்வீஸில் நஷ்டஈடு கேட்டு க்ளெய்ம் எழுதிக் கொடுத்தாள். இருபத்திரண்டும் ஒரே பதிலோடு திரும்பி வந்தன: "போதிய பேக்கிங் இல்லை." ஒரு தடவை லாரியே கவிழ்ந்து கிடந்தது. அதற்கும் போதிய பேக்கிங் இல்லை. பதில் கடுதாசிகளையெல்லாம் அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை, சாகுமுன்னே ஒரே ஒரு தடவை, "அப்ரூவ்டு" என்ற முத்திரையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பணம்கூட வேண்டாம், முத்திரை போதும் என்று மாதாவிடமே சொல்லியிருக்கிறாள். பணமும் வந்தால் நல்லதுதான் என்று பிறகு சேர்த்துக்கொண்டாள்.

ஏழுகடலின் கிளை மேனேஜர் சத்தியராஜ். நாசரேத்காரர். சட்டைப் பையில் ரெண்டு பேனா, வாயில் எப்போதும் ரூல். "மீன், கருவாடு, ஈரமான பொருள் ஏற்றப்பட மாட்டாது" என்று வாசலில் அவரே கையால் எழுதி ஒட்டியிருக்கிறார். வியாழக்கிழமை தோறும் மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஷீஜாவுக்கு ஒரு பெட்டி அனுப்புவார். மேலே "புத்தகம்" என்று எழுதியிருக்கும். மகள் நிறையப் படிக்கிற பிள்ளை என்று ஆபீஸே மெச்சும். புத்தகத்துக்கு எதற்குத் தெர்மோகோல் பெட்டி என்று விஜிலா ஒரு நாள் யோசித்தாள். படித்தவர்கள் புத்தகத்தை அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் போல என்று விட்டுவிட்டாள்.

ஜூலைக் கடைசியில் பனிமய மாதா கோயிலில் திருவிழாக் கொடியேறியது. தெர்மோகோல் மொத்த வியாபாரி கடையைப் பூட்டிக்கொண்டு திருவிழாவில் ராட்டினத்துக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டான். அதே நேரம் பார்த்து மார்த்தாண்டத்திலிருந்து வேதமணி சார் போன் மேல் போன். ரிட்டையர் ஆன வாத்தியார், பழைய அம்பாசிடர் ஒன்றைக் குழந்தை மாதிரி குளிப்பாட்டி வைத்திருப்பவர். அவருக்கு ஹெட்லைட் ஒரு ஜோடி வேண்டும். விஜிலாவிடம் சரக்கு இருந்தது, பெட்டி இல்லை.

"மீன் பெட்டி ஒண்ணு கிடக்குளா, கழுவிட்டுக் கட்டுவோம்" என்றாள் மரியசெல்வி.

கழுவினார்கள். சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்து, வெயிலில் காய வைத்தார்கள். வாசம் போனது. பெட்டி மூடியில் யாரோ மார்க்கரில் எழுதிய "சீலா 14 கிலோ" என்ற மீன் கணக்கு மட்டும் போகவில்லை. அதன் பக்கத்திலேயே விஜிலா "கண்ணாடி – கவனம்" என்று பெரிதாய் எழுதினாள். ஹெட்லைட் ரெண்டையும் சிங்கி மாதிரி தாளில் சுற்றிப் படுக்க வைத்தாள். சனிக்கிழமை லாரி ஏறியது.

திங்கட்கிழமை காலை வேதமணி சார் கூப்பிட்டார். கோபப்படக் கூடத் தோன்றாத ஆச்சரியம் அவர் குரலில்.

"அம்மா, நான் ஹெட்லைட்தான கேட்டேன். நீங்க ஒரு குளத்த அனுப்பியிருக்கீங்களே."

படமும் அனுப்பினார். பெட்டிக்குள் முக்கால்வாசித் தண்ணீர். நடுவில் ஹெட்லைட் ரெண்டும் கண்ணை விழித்துக்கொண்டு மிதந்தன. ஒன்றின் கண்ணாடி குறுக்கே பிளந்திருந்தது. மற்றதற்குள் தண்ணீர் புகுந்து வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தது.

விஜிலா இருபத்து மூன்றாவது க்ளெய்மை எழுதிக்கொண்டு ஏழுகடலுக்குப் போனாள். சத்தியராஜ் படத்தைப் பார்த்தார், லாரி ரசீதைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார்.

"வழியில மழை. தண்ணி உள்ள இறங்கியிருக்கு. அப்போ பேக்கிங்…"

"சொல்லாதீங்க சார்!"

"போதாது. வியாழக்கிழமை முடிவு சொல்லுதேன். ஆனா ஒண்ணு, மேல இருந்து ஆர்டர் வந்திருக்கு. இதுவும் தள்ளுபடியாச்சுன்னா, இனி உங்க பேர்ல கண்ணாடி புக்கிங் கிடையாது."

வீடு வாசல் வரைக்கும் கொண்டு கொடுக்கிற சர்வீஸ் ஏழுகடல் ஒன்றுதான். அது இல்லையென்றால் ஷெட்டை மூட வேண்டியதுதான். அன்று இரண்டு வேளையும் விஜிலா மரியசெல்வியோடு சண்டை போடவில்லை. மரியசெல்வி பயந்துபோய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஷெட்டு வாசலில் ரெக்சன் வந்து நின்றான். மணப்பாட்டுக்காரன், ஏழுகடலின் மார்த்தாண்டம் லாரி டிரைவர், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். முகமெல்லாம் சிரிப்பு. பெரிய உதவி ஒன்றைச் செய்துவிட்டு, அதைத் தானே எப்படிச் சொல்வது என்று கூச்சப்படுகிறவன் சிரிக்கிற சிரிப்பு.

"அக்கா, ஒரு தொண்ணூறு ரூவா தரணும். ஐஸ் காசு."

"என்ன ஐஸ்லே?"

"உங்க பெட்டிக்குத்தான். நாகர்கோயில்ல நிறுத்தி நான் ஐஸ் போடலன்னா சீலா நாறியிருக்கும்லா." பையிலிருந்து ஐஸ் பேக்டரி பில்லை எடுத்து நீட்டினான். "மேற்குக் கடல்ல மீன்பிடி தடைக்காலம். அங்கன மீனுக்கு எம்புட்டுக் கிராக்கின்னு எனக்குத் தெரியாதா? ஆபீஸ்ல மீன் ஏத்த மாட்டாங்க, அதான் அக்கா கண்ணாடின்னு எழுதியிருக்காங்கன்னு உடனே புரிஞ்சுக்கிட்டேன். மூடியத் தொறந்து, தாளுக்கு மேலேயே ஐஸ அள்ளிப் போட்டு, மண்வெட்டியால நல்லா ஒரு இடி இடிச்சு, டேப்பும் ஒட்டிட்டேன். ஒரு ஆளுக்கும் மூச்சு விடல."

விஜிலா அந்தப் பில்லை வாங்கிப் படித்தாள். தேதி இருந்தது. லாரி நம்பர்கூட இருந்தது. ஒன்பது வருஷமாய்த் தேடிய சாட்சி, தொண்ணூறு ரூபாய்க்கு வாசல் தேடி வந்திருக்கிறது! பில்லைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவள் ஷெட்டைச் சுற்றி ஓடினாள். மரியசெல்வி எதற்கென்று தெரியாமலே கூட ஓடினாள். "ஊரே பனிமய மாதாவுக்குத் திருவிழா எடுக்கு, இவன் என் ஹெட்லைட்டுக்குப் பனி பெய்ய வச்சிருக்கான்!" என்று கத்தினாள் விஜிலா.

"ஹெட்லைட்டா?" என்றான் ரெக்சன். அவனுக்கு அப்போதுதான் முழுசாய் விளங்கியது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பிறகு மெதுவாய்ச் சொன்னான்: "பார்சலத் தொறந்தது தெரிஞ்சா டிரைவர அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க அக்கா."

ஓடினவள் நின்றாள். பில் கையில் இருக்கிறது. அதைக் காட்டினால் முத்திரை கிடைக்கும், அவன் வேலை போகும். மீன் கெட்டுவிடக் கூடாது என்று சொந்தக் காசைப் போட்டவன். கடற்கரையில் பிறந்த ஒருவனால் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா போயிருக்க முடியாது, அவளே போயிருக்க மாட்டாள். இதைக் காட்டி ஜெயித்தால் அந்த முத்திரையைப் பார்க்கிற போதெல்லாம் இவன் முகம்தான் தெரியும். அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாய் வந்தது. பில்லை மடித்துப் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"போலே. ஐஸ் காசு அப்புறம் தாரேன்."

வியாழக்கிழமை ஏழுகடல் ஆபீஸுக்குள் விஜிலாவும் மரியசெல்வியும் ஒரு தெர்மோகோல் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். உள்ளே தளும்பத் தளும்பத் தண்ணீர். விஜிலா மூடியைப் போட்டாள், தன் வழக்கப்படி டேப்பைச் சுற்றினாள், "பிடிளா" என்றாள். சத்தியராஜ் எழுந்திருக்குமுன் பெட்டி அவருடைய மேசைமேல், கட்டுக்கட்டான ஃபைல்களுக்கு மேலே, தலைகீழாய்க் கவிழ்ந்து நின்றது.

"ஐயோ! ஃபைலு! ஃபைலு!"

"ஒரு சொட்டு விழட்டும் சார். ஒரே ஒரு சொட்டு. நான் ஷெட்ட மூடிட்டுப் போறேன்."

ஆபீஸே சுற்றி நின்று பார்த்தது. லோடு ஏற்றுகிறவர்கள் வந்தார்கள், டீ கொண்டுவந்தவர் டீயோடு நின்றார். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். சத்தியராஜ் குனிந்து ஃபைலைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

"உள்ள இருக்க தண்ணி வெளிய வராதுன்னா, வெளிய பெய்யுத மழை எப்படி சார் உள்ள போகும்? இது போதாத பேக்கிங்கா?"

சத்தியராஜ் நியாயமான மனிதர்தான். வியர்வையைத் துடைத்தார். "சரி. பேக்கிங் சரிதான். அப்போ யாரோ வழியில பெட்டியத் தொறந்திருக்கான்." குரல் ஏறியது. "எங்கலே அந்த மார்த்தாண்டம் டிரைவர்?"

இது விஜிலா யோசிக்காத இடம். "யார் தொறந்தா என்ன சார், விடுங்க" என்றாள். ஆனால் ரெக்சன் கூட்டத்துக்குள்ளேதான் நின்றிருந்தான். அவனே முன்னால் வந்துவிட்டான்.

"நான்தான் சார் தொறந்தேன். ஐஸ் போட்டேன்."

"ஐஸா? ஹெட்லைட்டுக்கா? எவனாவது ஹெட்லைட்டுக்கு ஐஸ் போடுவானாலே?"

"மேல எழுதியிருக்கத நம்பாதன்னு நீங்கதான சார் சொன்னீங்க." ரெக்சன் குரலில் கள்ளமே இல்லை. "நம்ம லாரில மார்த்தாண்டம் போற தெர்மோகோல் பெட்டி வேற எது சார் இருக்கு? உங்க புஸ்தகத்துக்கு வாரவாரம் நாகர்கோயில்ல ஐஸ் போடச் சொல்லுவீங்கல்லா. அதே கணக்குல இதுக்கும் போட்டுட்டேன்."

எல்லோருடைய கண்களும் மெல்ல மூலைக்குப் போயின. அன்று வியாழக்கிழமை. மூலையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. மேலே அழகான கையெழுத்தில் "புத்தகம்". அடியிலிருந்து ஒரு கோடாய் ஈரம் புறப்பட்டு, வாசலில் ஒட்டியிருந்த ரூல் தாளைப் பார்த்து நிதானமாய் ஊர்ந்துகொண்டிருந்தது.

முதலில் சிரித்தது மரியசெல்வி. பிறகு டீக்காரர். பிறகு யார், எவர் என்று சொல்ல முடியாது. சிரித்ததில் விஜிலாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சத்தியராஜ் மட்டும் ரெண்டு பேனாவையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் உதடும் சிரிப்பில் துடித்தது.

"மருமகனுக்குச் சீலான்னா உயிர்" என்றார் தாழ்ந்த குரலில்.

உட்கார்ந்தார். தலைகீழாய் நின்ற பெட்டியைச் சுற்றிக் கையை விட்டு முத்திரையை எடுத்தார். இருபத்து மூன்றாவது க்ளெய்மின் மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பிறகு ரெக்சனைப் பார்த்து, "நீ என்ன வேடிக்க பாக்க? லாரிய எடு" என்றார்.

விஜிலா தாளை வாங்கிப் பார்த்தாள். அப்ரூவ்டு. மை சற்று இழுவியிருந்தது, எழுத்து கோணலாய் இருந்தது. பிறந்த பிள்ளையை முதலில் கையில் வாங்கினபோது பார்த்தது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெக்சனிடம் தொண்ணூறு ரூபாயை எண்ணாமல் திணித்தாள். வாசல் வரைக்கும் போனவள், மூலையில் ஒழுகிக்கொண்டிருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துவிட்டு நின்றாள். அவளால் தாங்க முடியவில்லை.

"சார், கோவிச்சுக்கிடாதீங்க" என்றாள். "உங்க பேக்கிங் போதாது."

திரும்பி வந்து சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே நல்ல சீலா, செவுள் சிவப்பாய் இருந்தது. ஈரத்தாளில் ஒவ்வொன்றாய்ச் சுற்றி, ஐஸை இடுக்கு விடாமல் அடுக்கி, டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். "இனி மார்த்தாண்டம் வரைக்கும் தாங்கும்" என்றாள். சத்தியராஜ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேட்டபோதெல்லாம் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் மார்க்கரை அவரிடம் நீட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "புத்தகம்" என்று எழுதினார். ரெக்சன் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்து, அதற்குக் கீழே இன்னும் பெரிய எழுத்தில் எழுதினார்: "ஐஸ் போட வேண்டாம்."