எதிர்க்கரைத் தாடி

கோத்-நுவார் ஊர்க்காரர்களுக்கு ஸ்கேட் கட்டத் தெரியாது, பீர் குடிக்கத் தெரியாது, காரை ஒழுங்காக நிறுத்தத் தெரியாது என்பது ஓவிலா லகாசேயின் தீர்மானமான அபிப்பிராயம். ஆற்றுக்கு இந்தக் கரையில், சென்ட்-எலூவாவில், முப்பது வருடமாகச் சலூன் வைத்திருக்கும் மனுஷர் அவர். அந்தக் கரையில் சலூன் கிடையாது. அதனால், தாம் வாய்க்கு வந்தபடி ஏசும் தலைகளுக்கெல்லாம் அவரே முடிவெட்டவும் வேண்டியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாததால்தான் வெளியே இவ்வளவு முடி என்று முகத்துக்கு நேராகவே சொல்வார். அவர்களோ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐஸ் ஹாக்கியில் பதினோரு வருடமாக ஜெயித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

வசந்தம் வந்தால் இரண்டு ஊர் அணிகளுக்கும் இடையே ப்ளேஆஃப் என்னும் வெளியேற்றுச் சுற்று தொடங்கும். ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை ஜெயிப்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். தொடங்கிய நாளிலிருந்து ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, ரசிகர்களும் முகத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். தோற்ற ஊரின் தாடிகள் மறுநாள் ஓவிலாவின் நாற்காலியில் இறங்கியாக வேண்டும். பதினோரு வசந்தமும் அவர் மழித்தது சொந்த ஊர்த் தாடிகளைத்தான். கடைசியாகத் தன் தாடியை, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி, கடைக் கண்ணாடி முன் நின்று தானே எடுப்பார். எதிர்க்கரைக்காரர்கள் காரை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள்.

அவர்களில் ஃப்ளோரியானைத்தான் அவருக்குக் கண்டாலே ஆகாது. மனைவி இமெல்டாவின் அண்ணன். இந்தக் கரையில் பிறந்து, இந்தக் கரைப் பட்டாணி சூப்பைக் குடித்து வளர்ந்து, அந்தக் கரையில் பெண்ணெடுத்த கையோடு அணியையும் மாற்றிக்கொண்டவன். மதம் மாறியிருந்தால்கூட ஓவிலா மன்னித்திருப்பார். வருடா வருடம் அவன் ஜெயித்த தாடியோடு வந்து உட்கார்ந்து, பின்கழுத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்வான். அந்தத் தாடியை ஒருமுறையாவது தன் கையால் வழித்துப்போட வேண்டும். ஓவிலாவுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

அந்த வருடம் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். ஏழாவது, சனிக்கிழமை மத்தியானம், சென்ட்-எலூவா அரங்கில். ஓவிலா கடைசிவரை நின்றுகொண்டே எதிரணியைத் திட்டினார், நடுவரைத் திட்டினார், சொந்தத் தடுப்பாட்டக்காரர்களை அவர்களின் தகப்பன் பெயரோடு சேர்த்துத் திட்டினார். மூன்றுக்கு இரண்டு என்று சென்ட்-எலூவா ஜெயித்தது. ஊரே கட்டிப்பிடித்துக்கொண்டு அழ, அவர் கத்தி தீட்டப் போய்விட்டார்.

ஞாயிறு, பூசை முடிந்ததும் கடையைத் திறந்தார். எதிர்க்கரைத் தாடிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொருவனிடமும் தாடி இல்லாத முகம் இன்னும் மோசம் என்று சொல்லிச் சொல்லி, அவசரமே இல்லாமல் மழித்தார். பத்துப் பேருக்குப் பிறகு ஃப்ளோரியான் வந்து உட்கார்ந்தான். ஓவிலா துணியைப் போர்த்தி, சோப்பு நுரையை ஆசையாகக் குழைத்தார்.

"தலமுடிய மட்டும் வெட்டு மாப்ளே. தாடி இருக்கட்டும்."

"நேத்து தோத்தீங்களே, மச்சான்."

"தோத்தாங்களா? நான் ஆட்டமே பாக்கல. இப்பல்லாம் ஹாக்கி மேல நாட்டமே இல்ல. இது சும்மா வளத்தது."

தொண்டை கட்டி, குரல் பாதிதான் வந்தது. நேற்று ஆட்டம் முழுக்க அரங்கத்தில் கத்தியவனின் தொண்டை. பதினோரு வருடம் அதே தொண்டையோடு வீடு திரும்பியவருக்கா தெரியாது?

இதுவரை ஓவிலா காட்டிய இளக்காரமெல்லாம் விளையாட்டு. நிஜமான அருவருப்பு இப்போதுதான் வந்தது. போர்த்திய துணியை உருவினார்.

"எறங்கு மச்சான். பதினோரு வருஷம் தோத்திருக்கேன். ஒரு தடவகூட ஆட்டம் பாக்கலன்னு சொன்னதில்ல. உன் மூஞ்சியத் தொட்டா என் கத்திக்குத்தான் கேவலம்."

காத்திருந்த அத்தனை பேரும் கோத்-நுவார்க்காரர்கள். ஒருவரும் ஃப்ளோரியானின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இறங்கினான், தொப்பியை எடுத்துக்கொண்டான், கதவுவரை போனான். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"அந்த மூணாவது கோல் கோலே இல்ல," என்றான், திரும்பாமலே. "வட்டு கோட்டத் தாண்டவே இல்ல. அந்தக் குருட்டு நடுவர் யாருக்குச் சொந்தக்காரன்னு எனக்குத் தெரியாதா?"

ஓவிலா துணியை உதறி நாற்காலியைத் தட்டினார்.

"தாண்டிச்சு. வந்து உக்காரு."