கடற்பாசியும் அதிமதுரமும்

என் பாலில் எவ்வளவு இறங்கியிருக்கும்?

லண்டன் வெம்பிளியில் ஒரு சீன மருந்துக் கடையில் கைக்குழந்தையோடு நிற்கிறேன். கழுத்து வீக்கத்துக்கு இங்கே வாங்கிய கடற்பாசிக் கசாயத்தின் கசப்புத் தாங்காமல், யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த அதிமதுரத்தையும் போட்டு அவித்துக் குடித்துவந்தேன். அதைச் சொன்னதும் வைத்தியரின் முகம் மாறுகிறது. இரண்டும் சேரவே கூடாதாம். பாலுக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

கூட வந்த மச்சாள் சீறுகிறாள். "தேத்தண்ணியெண்டு நினைச்சனியோ? பிள்ளைக்குப் பால் குடுத்தனியே?"

"ஓம் மச்சாள். காலமையும் குடுத்தனான்."

அவள் குனிந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

மகன் விழித்து என் சட்டையை இழுக்கிறான். போத்தல் பாலை அவன் வாயில் வைப்பதேயில்லை. கொடுக்கவா, வேண்டாமா? இந்தக் குழுவில் இப்படிக் கலந்து குடித்த தாய்மார் யாரும் இருந்தால், உங்கள் பிள்ளைக்கு என்ன ஆனதென்று தயவுசெய்து எழுதுங்கள்.