ரோபோவுக்கு ஒரு பூசை

ஜார்ஜ் டவுன் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் நடத்தும் ரோபோ வகுப்பில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கோப்பை வேண்டாம், மெடல் வேண்டாம். தான் கோடிங் எழுதிய ரோபோ அப்பாவின் கண்முன் ஓடவேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே அந்த அப்பா மாக் மண்டின் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு, பத்து காவான் ஊரில் நடந்த போட்டிக்கு எங்களுக்கு முன்பே வந்து நின்றார். கையில் சந்தனக் கிண்ணம், எலுமிச்சம்பழம்.

“புதுக் காடி எடுத்தா பூச போடாம ஓட்டுவோமா டீச்சர்?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் சாமி விஷயத்தில் வாய் திறந்தால் வம்பு. ரோபோவைத் தரையில் வைத்தேன்.

எலுமிச்சம்பழம் சக்கரத்தைவிடப் பெரியது. நசுக்க ஏறிய ரோபோ குப்புற விழுந்தது. மனிதர் அசரவில்லை. எதிர்க்கடைக்கு ஓடி, கோலிக்குண்டு அளவில் லீமாவ் கஸ்தூரி என்னும் குட்டி எலுமிச்சை வாங்கி வந்தார். அதுவும் நசுங்கவில்லை. கட்டைவிரலால் அவரே நசுக்கிவிட்டார்.

போட்டி தொடங்கியது. முன்னால் சுவர் வந்தால் திரும்பு என்பதுதான் அவள் எழுதிய கட்டளை. பட்டனை அழுத்தினாள். ரோபோ நின்ற இடத்திலேயே சுற்றோ சுற்றென்று சுற்றியது.

“டீச்சர், சாமி வந்துருச்சு!” என்று எங்கள் பிள்ளைகள் கத்த, மண்டபமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“என் கோடிங் தப்பா டீச்சர்?”

குனிந்து பார்த்தேன். ரோபோவின் கண்ணான சென்சாரில் சந்தனம் அப்பியிருந்தது, அதன்மேல் குங்குமப் பொட்டு வேறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

“ஐயோ, நான்தாம்மா வச்சேன். உன் கோடிங் நல்லாதான் இருக்குலா!” என்று அப்பா சட்டை நுனியால் துடைத்தார்.

இரண்டாவது வாய்ப்பில் ரோபோ சமத்தாக ஓடி எல்லையைத் தொட்டது. அவள் துள்ளிக் குதித்து அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மனிதர் கண்ணை இறுக மூடி, கைகூப்பி வேண்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா! பாக்கலியா?”

“அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளோ ரோபோவைத் தூக்கிக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனாள். கார் நிறுத்துமிடத்து வெயிலில் ரோபோ மறுபடியும் ஓடியது. உள்ளே பரிசளிப்புக்கு எங்கள் பள்ளியைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் நின்றபடி, பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அப்பா சுடுதரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியும் மனிதர் இமைக்கவில்லை.