தனியா இருக்கறவங்களுக்கு ஒரு இங்கிலீஷ் கேசட்

கேசட் ரெக்கார்டிங் கடை வைத்தவனுக்குப் பாட்டு கேட்க நேரமிருக்காது. பாட்டுக்காக வாங்கும் ஏச்சைக் கேட்கவே நேரம் சரியாக இருக்கும். என்னைப் போலக் கடை வைத்து நொந்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவார்கள். மற்றவர்கள் நம்பினால் போதும்.

இட ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு பக்கமும், கூடாது என்று இன்னொரு பக்கமும் நாடே கொதித்துக்கொண்டிருந்த வருஷங்களில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் கடை. அதற்கு முன் பெங்களூரில் இதே வேலை. அங்கிருந்து வரும்போது ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் இசைத்தட்டுகள் கொண்டுவந்தேன். கிடாரை வைத்துக்கொண்டு ஒருவர் மெதுவாகப் பாடுவது, பியானோவோடு ஒரு பெண் பாடுவது என்று அடிதடி இல்லாத பாட்டுகளாகப் பொறுக்கி ஒரு கேசட்டில் பதிந்து, 'தனியா இருக்கறவங்களுக்கு' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

துக்க வீடு

முதலில் வாங்கியவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலைக்கு வந்திருந்த தஞ்சாவூர்க்காரர். கல்யாணமாகவில்லை. ஆலைக் குடியிருப்பில் தனி வீடு. சாயந்திரம் ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றார். கேசட்டைக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே கோபமாகத் திரும்பி வந்தார். பாட்டு பிடிக்கவில்லையா என்றேன். பிடித்திருக்கிறது, தினமும் கேட்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, மனசு லேசாகிறது, எல்லாம் சரி என்றார். பிறகு என்னதான் குறை என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "பக்கத்து வீட்டம்மா ஒரு சொம்பு காப்பியோட வந்து, 'ஊர்ல யாரு தம்பி தவறிட்டாங்க, ஏன் போவாம கீறே'ன்னு கேக்கறாங்க சார்."

அது வேற

பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் அடிக்கடி கடைக்கு வருவார். எதையும் வாங்கமாட்டார். ஓடுகிற பாட்டில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு அர்த்தம் இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்பார், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே. பாதி தெரியும், பாதி தெரியாது என்பேன். அர்த்தம் தெரியாமல் பாட்டு கேட்பவன் மூடன், விற்பவன் அவனைவிட மூடன் என்று ஒருநாள் தீர்ப்பே சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. கோயிலில் சமஸ்கிருத மந்திரம் சொல்லும்போது கண்ணை மூடி நிற்கிறீர்களே, அதற்கு அர்த்தம் தெரியுமா சார் என்று கேட்டேன்.

அவர் குடையை எடுத்துக்கொண்டார். "அது வேற. இது வேற."

சாய்ந்த மரத்தின் மேல்

இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் புளியமரங்களை வெட்டிச் சாய்த்து சேலம் ரோட்டை மறித்திருந்தார்கள். ஊரில் ஒரு கடையும் திறக்கவில்லை. அப்போது நாலு பேர் வந்து, கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி, ஆம்ப்ளிஃபயர், டெக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தூக்கினார்கள். பேச்சாளர் வருகிறாராம். தர்றியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை வேண்டும், படிப்பு வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் என் பிழைப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் பிழைப்பைக் கேட்பது எந்த நியாயம்? வயிறெரிய அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

ஒயரை மாட்டி எவனோ பட்டனை அமுக்கினான். டெக்குக்குள் இருந்தது அந்தக் கேசட். ரோடு முழுக்க அந்தப் பெண் பாட ஆரம்பித்துவிட்டாள். போராட்டத்தைக் கேவலப்படுத்துகிறாயா என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். கேசட்டை நானா போட்டேன்? கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள், வெட்டிய மரத்தின் மேல் துண்டை விரித்துப் படுத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். போராட்டத்துக்காக வீட்டை விட்டு வந்து ரோட்டிலேயே கிடப்பவர், குரல் கட்டியிருந்தது. "அவன வுடுப்பா. காலையிலேர்ந்து கத்தினு கீறோம், காது நோவுது. அந்தம்மா பாடி முடிக்கட்டும், அப்பறம் நீ பேசு."

மலைமேல் சிஸ்டர்

அந்த மறியல் நாட்களில் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறவில்லை. மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நாகர்கோயில் பக்கத்து நர்ஸ், ஸ்டெல்லா சிஸ்டர், ஒற்றை ஆளாக மாட்டிக்கொண்டார். டாக்டர் கீழே, மருந்து கீழே. அப்போது ஒரு மலைக்காரப் பெண் பிரசவ வலியோடு வந்தாள். புருஷன் கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. சிஸ்டருக்கே பயம். அது போகட்டும் என்று என்னிடம் வாங்கிய கேசட்டைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ரோடு திறந்ததும் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். ஒற்றை ஆளாகப் பிரசவம் பார்த்தாயே என்று ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. மேசையில் டேப்ரெக்கார்டரைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில இங்கிலீஷ் காதல் பாட்டா?" என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டுப் போனார். கடைக்கு வந்து சிஸ்டர் இதை என்னிடம் சொன்னார். கேட்ட எனக்குக் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பெண்ணாவது பாட்டை வேண்டாம் என்றாளா என்று கேட்டேன். அவள் சொன்னதை சிஸ்டர் அப்படியே சொல்லிக் காட்டினார்: "தெரிஞ்ச பாட்டுன்னா தெரிஞ்ச மூஞ்சியெல்லாம் வந்து நிக்கும். இது யாருன்னே தெரியல, அதான் தெம்பா இருந்துச்சி."

ஹெட்போன்

கதிர்வேல் இன்றைக்கு ஓர் அணைக்கட்டில் இன்ஜினியர். அன்றைக்கு வடக்கே ஒரு காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவும் அம்மாவும் நைனார்பாளையத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இட ஒதுக்கீடு கூடாதென்று அங்கே மாணவர்கள் பஸ்ஸைக் கொளுத்த, காலேஜை மூடிவிட்டார்கள். ஊர் திரும்பியவன் தினமும் என் கடைக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த கிடார்க்காரர் பாட்டையே கேட்பான். அறைத் தோழனோடு சேர்ந்து அங்கே கேட்ட பாட்டாம். கலவரம் தொடங்கியதும் அந்தத் தோழன் பேச்சை நிறுத்திவிட்டான். பாட்டு மட்டும் மிச்சம்.

ஒருநாள் அவன் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் வந்தார். மகள் கல்யாணத்துக்குப் பாட்டு பதிய வேண்டும். கதிரைப் பார்த்ததும் முகம் மாறியது. "இவனுக்கு சினிமா பாட்டு பத்தாதா, இங்கிலீஷ் கேக்குதா?" என்றார். கதிர் எழுந்து ஹெட்போனைக் கழற்றினான். நான் வாங்குவதற்குள் அவர் என்னிடம், "அத நல்லா தொடச்சிட்டு குடுபா" என்றார்.

தமிழ்ப் பாட்டு கேட்டால் வாசலில் நின்று கேள் என்பது, இங்கிலீஷ் பாட்டு கேட்டால் உனக்கெதற்கு என்பது, இருக்கிற இரண்டு காதையும் இவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? ஹெட்போனை வாங்கித் திரும்பக் கதிர் கையிலேயே கொடுத்தேன். "பாட்டு இன்னும் முடியலப்பா, உக்காந்து கேளு" என்றேன். அவரிடம், உங்க வூட்டுப் பாட்ட வேற கடையில பதிஞ்சிக்கோங்க என்றேன். அவர் போனார்; அவரோடு அந்த ஊர்க் கல்யாணங்கள் எல்லாமும் போயின.

கதிர் உட்காரவில்லை. கோபப்படுவான், அழுவான் என்று நினைத்தேன். ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். "அங்க மெஸ்ல என் தட்ட தனியா வெச்சாங்க. இங்க ஹெட்போன தொடைக்க சொல்றாங்க. அங்க இங்கிலீஷ்ல சொன்னாங்க, இங்க தமிழ்ல சொல்றாங்க, அவ்ளோதாண்ணே."

துணையில்லாதவன் எந்தப் பாட்டைக் கேட்கலாம் என்று சொல்ல வருகிறவர் எவரும், அவனுக்குத் துணையாக ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனதை மட்டும் என் கடையில் நான் பார்த்ததே இல்லை.