கம்ப எண் இல்லாத விளக்கு

எண்பதுகளின் நடுவில் தர்மபுரிப் பக்கம் மின் அலுவலகம் ஒன்றில் பொறியாளராக இருந்தேன். ஒருநாள் கையெழுத்தில்லாத மனு வந்தது. தொப்பூர் கணவாய்க்கு மேலே ஒரு வீட்டில் பட்டப்பகலிலும் விளக்கு எரிகிறதாம், திருட்டு மின்சாரமாம். அந்தப் பக்கம் நாங்கள் கம்பமே நட்டதில்லை. அதனாலென்ன? மேலிடம் உத்தரவை அனுப்பிவிட்டது: இணைப்பைத் துண்டித்து, பொருளைக் கைப்பற்றுக. படிவங்களை நான் எடுத்துக்கொண்டேன். விதிப்படி லைன்மேன் மூங்கில் ஏணியை மலைமேல் சுமந்து வந்தார்.

வீட்டுக்குள் மாதா படத்துக்கு மேலே லாரி ஹெட்லைட் பல்பு ஒன்று உண்மையிலேயே எரிந்துகொண்டிருந்தது. ஏணியைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மா கணவர்மேல் பாய்ந்தார்.

"பகல்ல எரிய வுடாதேன்னு எத்தினி வாட்டி சொன்னேன்! இப்பப் பாரு, வூட்டுக்கே வந்துட்டாங்க."

"சுவிட்சு ஏதுடி? தண்ணி நின்னாத்தான் நிக்கும்."

அந்த விவசாயி என்னை வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கு அழைத்துப்போனார். விளிம்பைச் சுற்றிலும் வெட்டிய எண்ணெய் டின்களை அடித்த மரச்சக்கரம், வாய்க்கால் தண்ணீர் விழ விழச் சோம்பலாகச் சுற்றியது. அதன் அச்சில் ஒரு சைக்கிள் ரிம். ரிம்மிலிருந்து பெல்ட் போய், கணவாயில் கவிழ்ந்த ஏதோ லாரியின் டைனமோவை விறுவிறுவென்று சுழற்றியது. பெரிய சக்கரம், சிறிய சக்கரம் கணக்கை ரைஸ் மில்லில் பார்த்துக் கற்றாராம். நான் கல்லூரியில் படித்துக் கற்றதுதான். என்ன, எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

கைப்பற்ற வந்தவன் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டேன். "டின் அடியில ஓட்டை எதுக்கு? தண்ணி ஒழுகிடாதா?"

"கொஞ்சம் ஒழுகுங்க. ஆனா ஓட்டை இல்லேன்னா காத்து அடைச்சிக்கிட்டு தண்ணி உள்ளாறவே போவ மாட்டேங்குது. எண்ணெ டின்னுலயே ரெண்டு ஓட்டை போட்டாத்தானுங்களே ஒழுங்கா ஊத்துது?"

எனக்கு அது தோன்றியிருக்காது.

ஆய்வு ஆய்வுதானே. வாய்க்காலைப் பலகையால் அடைக்கச் சொன்னேன். சக்கரம் தளர்ந்தது, உள்ளே பல்பு சிவந்து, மங்கி, அணைந்தது. திருட்டில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் உத்தரவில் சாட்சிக்குக் கட்டம் இல்லை. துண்டித்த கம்பத்தின் எண்ணுக்குத்தான் இருந்தது.

விவசாயியின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு வருசமா ராத்திரி பகலா இதோடவே கெடந்து செஞ்சதுங்க சார். எடுத்துக்கிட்டுப் போயிருவீங்களா? நானே கழட்டித் தந்துரட்டுங்களா?"

"நீங்க கை வெக்கக் கூடாது. மொதல்ல எங்க ஆள் கம்பத்துல ஏறி இணைப்பத் துண்டிக்கணும். அப்புறந்தான் பொருள எடுக்கணும். அதான் முறை."

"இங்க கம்பமே இல்லீங்களே."

"இல்லதான்."

லைன்மேனுக்குத்தான் முதலில் புரிந்தது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கத் தயாரானார். 'கம்பம் இல்லாததால் துண்டிக்க இயலவில்லை. துண்டிக்காததால் கைப்பற்ற இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பணிக்காலம் முழுவதிலும் விதியை நான் அவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்ததில்லை.

புறப்படுமுன் பலகையை நானே எடுக்கட்டுமா என்று கேட்டேன். எடுத்தேன். முதல் டின் நிறைந்தது. வீட்டுக்குள்ளிருந்து அந்த அம்மா கத்தினார்: "வந்திருச்சி!"